வெறும் தண்ணீரின் விசில்

எங்கள் சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி உண்டு. குக்கரின் ரப்பர் வளையத்தைக் கழுவித் தொங்கவிடுவதற்கென்றே என் வீட்டுக்காரர் அடித்தது. எங்கள் என்று எழுதிவிட்டேன். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. ஒரே மகன் சென்னையில் இருக்கிறான். ஸ்ரீவராகத்து வீட்டின் இந்தப் பின்பாதியில் இப்போது நானும் குக்கரும்தான்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த மலையாள ஊருக்கு வந்தேன். அவருக்குக் கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. ஆட்களோடு பேச எனக்கு அன்றும் கூச்சம், இன்றும் கூச்சம். மலையாளம் முழுக்கப் புரியும். வாயைத் திறந்தால் வராது. கடையில் போய் நின்றால், எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் வாங்கிக்கொண்டு போன பிறகு, கடைக்காரரே பார்த்து "அம்மைக்கு என்ன வேணும்?" என்று கேட்டால்தான் சொல்லுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், இந்தச் சின்ன விஷயத்தைப் போனில் ஒரு வார்த்தையில் சொல்லி முடித்திருக்கலாமே என்று படிப்பவர்களுக்குத் தோன்றும்.

குக்கர் வீட்டுக்கு வந்த அன்று அவர் அடுப்பைப் பற்ற வைக்கவே விடவில்லை. பெட்டிக்குள் இங்கிலீஷில் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. அதை ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொல்லிச் சொல்லி எனக்குக் கேட்க வைத்தார். ரப்பர் வளையத்தைத் தினமும் கழற்றிக் கழுவ வேண்டும். விசில் உட்காரும் குழாயை ஊதிப் பார்க்க வேண்டும். மூடியின் மேலே பட்டன் போல இருக்கும் சேஃப்டி வால்வில் கை வைக்கக் கூடாது. ஆவி போக வழியில்லாமல் அடைத்துக்கொண்டால் அது உருகி வழிவிடும்.

"கழுவாம மட்டும் வச்சே, வெடிச்சு நீயும் குக்கருமா கோயில் மதில்மேலதான் போய் விழுவிய" என்றார்.

"நான் மட்டுமா? நீங்களும் இங்கதான இருப்பிய?"

"நான் கடைக்குப் போயிருவேம்லா."

முதல் விசில் வந்தபோது நான் கொல்லையில் போய் நின்றுகொண்டேன். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தது இப்போதும் காதில் இருக்கிறது.

பயத்தில் கற்றுக்கொண்டதாலோ என்னவோ, குக்கர் விஷயத்தில் மட்டும் நான் ஒருநாளும் மறந்ததில்லை. சமையல் முடிந்ததும் வளையத்தைக் கழற்றி, உட்பக்கத்துக் கஞ்சிப் பசையை விரலால் வழித்துக் கழுவி ஆணியில் மாட்டுவேன். மூடியை ஒருபோதும் பூட்டி வைக்க மாட்டேன், கவிழ்த்துத்தான் வைப்பேன். உள்பாத்திரம் வைத்து வேக வைக்கும் நாளில், அடியில் ஊற்றும் தண்ணீரில் ஒரு பிசிறு பழைய புளியைப் போடுவேன்; இல்லாவிட்டால் அலுமினியம் கறுத்துப்போகும். விசில் குழாயைச் சுத்தம் செய்ய மெல்லிய கம்பி என்று புத்தகத்தில் போட்டிருந்ததாம். நம் வீட்டில் கம்பி எங்கே இருக்கிறது? முற்றம் பெருக்கும் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக் குழாய்க்குள் விட்டு எடுப்பேன். "புஸ்தகத்துல ஈர்க்குச்சி இல்லையே" என்பார் அவர். அதற்குப் பிறகு மூடியை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பேன். குழாயின் வழியாகக் கடுகளவுக்கு வானம் தெரிந்தால் சரி.

புழுங்கலரிசிக்கு எங்கள் வீட்டில் நாலு விசில். மகன் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவனுக்குக் கடிகாரமே அதுதான். முதல் விசிலுக்குக் குளிக்கப் போவான். இரண்டாவதற்குச் சட்டை, மூன்றாவதற்குப் புத்தகப்பை. நாலாவது விசில் வரும்போது தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பான். சோறு சூடாயிருக்கிறது என்று அழுதுகொண்டே தின்பான்.

அவர் போன பிறகு மகன் என்னைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனான். நாலு மாதம் இருந்தேன். மருமகள் நல்ல பிள்ளை, ஒரு குறையும் சொல்ல முடியாது. அங்கே கரண்டில் வேகிற குக்கர். ஒரு சிவப்பு விளக்கு எரியும், வெந்ததும் அணையும், அவ்வளவுதான். சோறு வேகிற சத்தமே இல்லாத வீடு. நான் எழுந்து சமையலறைப் பக்கம் போனால் "அத்தை, நீங்க போய் உக்காருங்க" என்பாள். பிரியமாகத்தான் சொல்லுவாள். நானும் போய் உட்காருவேன். எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, அந்த நாற்காலியில் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். நாலு மாதத்தில் நான் அந்த வீட்டில் தொட்ட பாத்திரம் ஒரு டம்ளர். அதில்தான் எனக்குத் தண்ணீர் வைப்பார்கள்.

ஊருக்குப் போகிறேன் என்று சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. கடைசியில் சொன்னேன்.

"எம்மா, தனியா இருக்கணும்னா இரு. ஆனா தெனமும் சோறு பொங்கி நேரத்துக்குச் சாப்பிடணும். அது நின்னு போச்சுன்னு தெரிஞ்சா, அடுத்த வண்டியில வந்து கூட்டிட்டுப் போயிருவேன், கேட்டியா?"

சரி என்றேன். அதிலிருந்து தினமும் காலை எட்டரைக்குக் கூப்பிடுவான். ஆபீசுக்குப் போகிற வழியில் பேசுவான். "சோறு பொங்கியாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலும் அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே குக்கர் கத்தும். "ஓ, விசில் வந்துட்டே" என்பான். அது கத்தி முடிந்த பிறகுதான் "சரி, வைக்கட்டா?" என்பான்.

அந்தக் குக்கர் அஞ்சு லிட்டர். அதில் ஒரு கைப்பிடி அரிசியைப் போட்டால் அடியில் எங்கே கிடக்கிறது என்று தேட வேண்டும். வெந்த பிறகு தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், எதிரே யாரும் இல்லாத சோறு தொண்டையில் இறங்குவதில்லை. ஒருநாள் காய்ச்சலாகப் படுத்திருந்தேன். போன் வந்தது. "சோறு பொங்கியாச்சா?" "ஆச்சு மக்கா." "குக்கர் சத்தமே கேக்கலியே?" "நீ கூப்பிடுகதுக்கு முன்னாலயே ஆயிட்டு" என்று சொல்லிவிட்டேன். மறுநாளும் காய்ச்சல்தான். எழுந்து, குக்கரில் ஒன்றரை டம்ளர் தண்ணீரை மட்டும் ஊற்றி மூடி, அடுப்பில் வைத்தேன். சரியாக அவன் பேசும்போது விசில் வந்தது. இரண்டு விசிலில் அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். அந்த ஒருநாளைக்கு என்றுதான் நினைத்தேன்.

காய்ச்சல் விட்டது, தண்ணீர் வைப்பது விடவில்லை. அவலை நனைத்து வெல்லம் போட்டுத் தின்றால் ஒரு நேரம் போய்விடும். ஒரு ஏத்தன் பழம், பாலில்லாமல் ஒரு கட்டன்சாயா. சாயங்காலம் தோன்றினால் இரண்டு தோசை. அப்படியே பத்து மாதம் ஓடிவிட்டது. பத்து மாதமும் காலையில் குக்கரைக் கழுவினேன், வளையத்தை ஆணியில் மாட்டினேன், குழாயில் ஈர்க்குச்சி விட்டேன். கஞ்சியே படாத வளையத்தில் வழிப்பதற்கு என்ன இருக்கிறது? ஆனாலும் விரலால் வழிப்பேன். விட்டது ஒன்றே ஒன்றுதான், அந்தப் புளி. சோறில்லாத தண்ணீருக்குப் புளி எதற்கு என்று நினைத்துவிட்டேன்.

அன்றைக்கு மகன் பத்து நிமிஷம் முன்னாலேயே கூப்பிட்டுவிட்டான். நான் அப்போதுதான் குழாயில் ஈர்க்குச்சியை விட்டிருந்தேன். பழைய விளக்குமாறு, காய்ந்து சருகாகக் கிடந்த ஈர்க்கு. போன் சத்தம் கேட்ட பதற்றத்தில் உருவிப் போட்டேன். வானம் தெரிகிறதா என்று பார்க்கவில்லை. தண்ணீரை ஊற்றி, மூடியைப் பூட்டி, அடுப்பைப் பெரிதாக வைத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

பேத்திக்கு ஸ்கூலில் டான்ஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் ஊங்கொட்டிக்கொண்டே குக்கரைப் பார்த்தேன். விசில் அசையவே இல்லை. லேசாக ஒரு ஆவிகூட வரவில்லை.

"என்னம்மா, இன்னும் விசில் வரலியே?"

"வரும் மக்கா. இப்பதான் வச்சேன்."

நான் வாயை மூடவில்லை, புஸ்ஸென்று ஒரு சத்தம். சேஃப்டி வால்வு பிய்த்துக்கொண்டு, ஆவி நேரே மேற்கூரைக்குப் போய் அடித்தது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஒரு நொடியில் வெளுத்துவிட்டது. எனக்கு ஒன்றும் படவில்லை. அடுப்பை எப்படி அணைத்தேன் என்று தெரியாது. கையில் போன் இருந்தது.

"எம்மா! என்னம்மா சத்தம்?"

"பூனை" என்றேன். "பாத்திரத்த உருட்டிட்டு."

"பூனையா?"

"ஆமா."

"சரி, சூதானமா இரு" என்று வைத்துவிட்டான்.

பக்கத்து வீட்டு டீச்சர் மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். பேச்சென்று ஒன்றும் கிடையாது, கண்டால் சிரித்துக்கொள்வோம். "அம்மே, எந்தா ஒரு சப்தம் கேட்டது? குக்கராணோ?" நான் இல்லையென்று தலையாட்டிச் சிரித்தேன். "ஒந்நும் பற்றியில்லல்லோ?" ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்கிறார். "இல்ல" என்றேன். இன்னும் ஒரு நிமிஷம் அவர் அங்கே நின்றிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. தோளில் பை இருந்தது, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டார்.

மறுநாள் காலை எட்டரைக்கு விசில் வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் என் சமையலறை என்னுடையதாக இருக்காது. குக்கரைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு பழவங்காடிக்கு நடந்தேன். அங்கே அடுப்பு, குக்கர், மிக்சி எல்லாம் ரிப்பேர் பார்க்கிற ஒரு கடை உண்டு. கடையில் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். நான் ஓரமாக நின்றேன். கடைக்காரர் தாமே பையைப் பார்த்துக் கையை நீட்டினார். பேச்சிலிருந்து நான் தமிழ் என்று தெரிந்ததும் தமிழைக் கலந்து பேசினார்.

மூடியைத் திருப்பி, ஒரு கம்பியை விட்டு நெம்பினார். சீரகத்தின் நீளத்தில் ஒரு துண்டு வெளியே விழுந்தது. "ஈர்க்கில்! ஈர்க்கில் இட்டு குத்தினீங்க அல்லே? அது உள்ள ஒடிஞ்சு இருந்துபோச்சு" என்று அதை என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு குக்கரைச் சாய்த்து உள்ளே பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார்.

"அம்மா, இதுல அரிசி வெந்து ரொம்ப நாளாச்சு அல்லே?"

நான் உள்ளங்கையில் இருந்த ஈர்க்குத் துண்டைப் பார்த்தேன்.

"இந்தக் கறுப்பு வட்டம் கண்டோ? வெறும் வெள்ளம் கொதிச்சா வர்றது. ரெண்டு விரல் உயரத்துல நிக்குது. சோறு வச்சிருந்தா மேல வரை கஞ்சி ஏறியிருக்கும். இந்த ரப்பர் கேஸ்கட்டைப் பாருங்க, கடையில இருந்து எடுத்தது போல இருக்கு. இதுல என்னதான் வைக்கிறீங்க?"

இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

"ஆவி… ஆவி பிடிக்க" என்றேன்.

"எண்டெ தெய்வமே! ஆவி பிடிக்கக் குக்கரோ? அம்மைக்கு மூக்கு பாக்கி உண்டோ?" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. புது வால்வைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, கடையில் இருந்த அடுப்பில் வைத்துப் பார்த்தார். விசில் வந்தது. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்குள்ளேயே வைத்திருந்த ஒன்றை யாரோ எடுத்து வெளியே சொன்னதுபோல இருந்தது எனக்கு. பையைக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, "ஒரு ஆளுக்குன்னா ரெண்டு லிட்டர் போதும் அம்மா. சின்னது வந்திருக்கு" என்றார். ஒரு ஆள் என்று நான் சொல்லவே இல்லை.

வீட்டுக்கு வந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். பத்து மாதமாகத் தினமும் கழுவிய பாத்திரம்தான். அந்த வட்டத்தை நான் பார்க்காமல் இல்லை. கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறவள் தன் நரையைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்திருக்கிறேன், பார்த்துவிட்டு நகர்ந்திருக்கிறேன். ஒரு எலுமிச்சங்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றி, வட்டம் முழுகும் வரை தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தேன். ஆறிய பிறகு நார் போட்டுத் தேய்த்தேன். மீண்டும் கொதிக்க வைத்தேன். சாயங்காலம் ஆவதற்குள் கறுப்பு சாம்பல் நிறத்துக்கு வந்தது. முழுக்கப் போகவில்லை.

காலையில் அரிசியைக் கழுவினேன். ஒரு கைப்பிடி போதும். கை இரண்டு பேருக்கு அளந்துவிட்டது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். போன் வந்தது.

"சோறு பொங்கியாச்சா?"

"மக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"நேத்து பூனை இல்ல. குக்கர்தான். வால்வு போயிட்டு."

"எம்மா! மேல ஏதும் பட்டுதா?"

"இல்ல, இல்ல. உள்ள சோறு இல்ல. தண்ணிதான் இருந்துது." மூச்சு வாங்கிக்கொண்டேன். "நேத்து மட்டும் இல்ல. பத்து மாசமா தண்ணிதான் வைக்கேன். நீ கேக்கணும்னு."

லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"தெரியும்மா" என்றான்.

"என்ன தெரியும்?"

"ரெண்டு விசில்ல அணைச்சிருவ. சோத்துக்கு நாலுல்லா? எத்தனை வருஷம் அந்த நாலு விசிலுக்கு ஸ்கூலுக்குக் கிளம்பியிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பின்ன எதுக்குல தெனமும் கேட்ட?"

"கேக்கலைன்னா அதையும் வைக்க மாட்டியேம்மா."

சோறு நின்றால் அடுத்த வண்டியில் வந்து கூட்டிக்கொண்டு போவேன் என்று சொன்ன பிள்ளை. தெரிந்தும் பத்து மாதம் வரவில்லை. நான் இங்கே இருக்க ஆசைப்படுகிறேன் என்று விட்டுவைத்தானா, அங்கே அந்த நாற்காலியில் என்னைப் பார்க்க அவனுக்கும் கஷ்டமாக இருந்ததா? கேட்கலாம். கேட்டால் சொல்லிவிடுவான். நான் கேட்கவில்லை.

"இப்ப என்னைக் கூட்டிட்டுப் போவியா?" என்றுதான் கேட்டேன்.

"உனக்கு வரணுமா?"

"வேண்டாம்."

"அப்ப சாப்பிடும்மா" என்றான். "எனக்கு வேற என்ன சொல்லணும்னு தெரியல."

"இன்னைக்கு நெசமாட்டே அரிசி போட்டிருக்கேன். நாலு விசில் வரைக்கும் போனை வைக்காத."

"வைக்கல."

இரண்டு பேரும் நின்றோம். அங்கே மழையா என்று கேட்டேன், இல்லை என்றான். முதல் விசில் வந்தது. பேத்தியின் டான்ஸ் நன்றாக நடந்ததா என்று கேட்டேன், நாளைக்குத்தான் என்றான். இரண்டாவது வந்தது. கை தன்னால் அடுப்பை அணைக்கப் போயிற்று, இழுத்துக்கொண்டேன். அவன் பக்கம் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள், "ஒரு நிமிஷம் சார்" என்றான். மூன்றாவது வர ரொம்ப நேரம் ஆனதுபோல இருந்தது. நாலாவது வந்ததும் அடுப்பை அணைத்தேன். "சாப்பிடு" என்று சொல்லிவிட்டு அவன் வைத்தான்.

ஆவி அடங்கும் வரை இருந்து, மூடியைத் திறந்து, கொஞ்சம் சோற்றில் மோர் ஊற்றித் தின்றேன். எதிரே யாரும் இல்லைதான். சோறு சூடாயிருந்தது. மீதியில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தேன்.

பிறகு வளையத்தைக் கழற்றினேன். உள்பக்கத்தில் கஞ்சிப் பசை இருந்தது. விரலால் வழித்துக் கழுவி ஆணியில் மாட்டினேன். குழாய்க்கு ஈர்க்குச்சி விடவில்லை, பைப்புத் தண்ணீரில் காட்டி வாயால் ஊதினேன். மூடியை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். கடுகளவு வானம் தெரிந்தது. கை வலிக்கும் வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.